தூக்கிக் கடக்கக் கூடாத களம்

என் தம்பியின் மெட்டடார் வேனில் அதுவரை தக்காளிதான் படுத்துப் போயிருக்கிறது. அந்த டிசம்பர் காலையில் என் மகள் படுத்துப் போனாள். காலிப் பெட்டிகளை இறக்கிவிட்டு, தரையில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தை போட்டு, மெத்தையின்மேல் இரண்டு ஜமுக்காளம் விரித்தேன். அவளுடைய இடது காலுக்கு இரு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்தேன். தலையணை நழுவாமலிருக்க ஒரு பக்கம் தண்ணீர்க் குடத்தையும் மறுபக்கம் என் பள்ளிக்கூடப் பையையும் வைத்தேன். தம்பி பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"ஏங்க்கா, பாப்பாவ ஏத்தறியா, கண்ணாடிச் சாமான் ஏத்தறியா?"

"நீ மெதுவா ஓட்டு, அது போதும்."

"இதுக்கு மேல மெதுவா ஓட்டுனா மாட்டுவண்டிக்காரன் ஹாரன் அடிப்பான்."

மகள் சிரித்தாள். அவளுக்குப் பதினேழு வயது. எட்டு மாதமாக அவள் கால் தரையில் படவில்லை. குறைந்தபட்சம் அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்கு அருகில் இருக்கிறது. ஊரில் பாதிக்கு மேல் எங்களைப் போலக் கத்தோலிக்கக் குடும்பங்கள். எல்லாருக்கும் கொஞ்சம் நிலம், வீட்டுக்கு ஒருவருக்குச் சம்பளம். எங்கள் வீட்டில் சம்பளம் என்னுடையது. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவள் அப்பா கிணற்றையும் நிலத்தையும் பார்த்துக்கொண்டார். அந்த ஏப்ரலில் பிளஸ் டூ தேர்வு முடிந்து அவள் வீட்டில் இருந்தாள். கிணற்றுப் பாசனத்தில் போட்ட கடலையைப் பிடுங்கிக் கொடியோடு வண்டியில் ஏற்றியிருந்தோம். வண்டிக்கு மேலே ஏறி உட்கார்ந்து வருவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். வாய்க்கால் மேட்டில் சக்கரம் ஒரு பக்கமாக இறங்கியது, கொடி சரிந்தது, கொடியோடு அவளும் சரிந்தாள். அவள் விழுந்த சத்தத்தைவிட, விழுந்த பிறகு அவள் சத்தமே போடாமல் கிடந்ததுதான் இன்றைக்கும் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது.

தொடை எலும்பு, முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். வராந்தாவில் நின்றுகொண்டு நான் மாதாவிடம் ஒரு நேர்ச்சை செய்தேன். மொட்டை, மெழுகுவர்த்தி, வெள்ளியில் செய்த கால் என்று எல்லாரும் நேர்ந்துகொள்வது போல் நானும் நேர்ந்திருக்கலாம். படித்தவள் அல்லவா, கொஞ்சம் பெரிதாகவே பேசிவிட்டேன். "தாயே, கட்டுப் பிரித்த பிறகு என் பிள்ளை எடுத்து வைக்கிற முதல் அடி உன் கோவில் படியில்தான். அதற்கு முன்னால் அவள் கால் வேறெந்த மண்ணையும் மிதிக்காது." இதை நான் வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் அவள் அப்பா இருந்தார். என் தம்பி இருந்தான். மாற்றிச் சொல்ல முடியாது.

ஆகஸ்டில் கட்டைப் பிரித்த டாக்டர், எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்றார். "இன்னைக்கே ஊன்ற வைங்க. தினம் மடக்கி நீட்டணும். விட்டீங்கன்னா முட்டி இறுகிப் போயிடும்." நான் தலையாட்டினேன். ஊன்ற வைக்கவில்லை. செப்டம்பர் எட்டு மாதா பிறந்தநாள் திருவிழா. மூன்று வாரம்தானே, அதுவரை பொறுத்தால் நேர்ச்சையும் நிறைவேறும், ஊரே பார்க்கும் என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரமும் குளிக்க, வெளிக்குப் போக, எல்லாவற்றுக்கும் நானும் அவள் அப்பாவும் தூக்கிக்கொண்டு போனோம். ஒருநாள் அவள் கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டபோது கால் தரையில் பட்டுவிடப் போகிறதே என்று ஓடிப்போய் அடியில் ஒரு தலையணையைத் தள்ளியவள் நான்.

திருவிழாவன்று நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் கோவில் முதல் படியில் அவளை நிறுத்தினோம். பாண்டு வாத்தியம் நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். முட்டி மடங்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. அவள் பக்கவாட்டில் சாய்ந்து, பூக்கூடையோடு நின்ற ஒரு பெண்மேல் விழுந்தாள். கூட்டத்தில் யாரோ, "பாவம், இனிமே அவ்வளவுதான்" என்றது என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. அவள் விழுந்தாளே தவிர அடி எடுத்து வைக்கவில்லை; ஆகவே முதல் அடி இன்னும் பாக்கியிருக்கிறது; ஆகவே அவள் கால் இன்னும் தரையில் படக் கூடாது. இப்படித்தான் நான் யோசித்தேன். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவள்.

நான் பள்ளிக்குப் போகும் நேரத்தில் அவள் அப்பாவைக் கூப்பிடுவதற்காக ஒரு பழைய கைமணியைக் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தேன். ஐப்பசியில் ஒருநாள் பெருமழை. வீட்டுக்கு ஓடி வந்தால், கூரையில் ஒரு ஓடு விலகி அவளுடைய புத்தக அலமாரிக்கு நேர் மேலே ஒழுகிக்கொண்டிருந்தது. புத்தகங்கள் நனையவில்லை. அலமாரிமேல் ஒரு குண்டான் இருந்தது, முக்கால்வாசி நிறைந்து. அவள் அப்பா வைத்திருப்பார் என்று நினைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன். அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.

அரையாண்டு விடுமுறையில், கிறிஸ்துமஸ் முடிந்ததும் தம்பி வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அவனுக்கு இந்த மாவட்டத்தில் போகாத ஊர் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு டீக்கடைக்காரன் பழக்கம், ஒவ்வொரு டீக்கடைக்காரனுக்கும் ஒரு வைத்தியரைத் தெரியும். "மூணு நாலு பேர பாத்துட்டு வருவோம்க்கா. ஒருத்தனாச்சும் சரி பண்ணிட மாட்டானா?" என்றான். அவள் அப்பா மாட்டையும் வீட்டையும் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார். வேன் கிளம்பும்போது மகளிடம் கைமணியை நீட்டினார். "மாமன் வேகமா ஓட்டுனா அடி" என்றார்.

முதல் வைத்தியர் காரிமங்கலம் சந்தையில் இருந்தார். சந்தை மூலையில் கோரைப்பாய் விரித்து, பாட்டில்களில் பச்சை எண்ணெய் வைத்திருந்தார். வேனுக்குள் ஏறி உட்கார்ந்து, மகளின் முட்டியில் எண்ணெயைத் தேய்த்து, பேசிக்கொண்டே வெடுக்கென்று ஒரே இழுப்பில் மடக்கப் பார்த்தார். அவள் போட்ட அலறலில் சந்தையில் கட்டியிருந்த ஆடுகள் எல்லாம் கத்தின. நான் அவர் தோளைப் பிடித்து வெளியே தள்ளினேன். ஒரு பெரிய மனிதரை நான் கைதொட்டுத் தள்ளியது என் வாழ்நாளில் அது ஒரே தடவை.

"டீச்சரம்மா, கத்துனா நல்லதுங்க. உசுரு இருக்குதுன்னு அர்த்தம்" என்றார் கீழே நின்றபடி.

"எங்கக்கா கத்த ஆரம்பிக்கறதுக்குள்ள நீ ஓடு சாமி" என்றான் தம்பி.

இரண்டாமவர் பாப்பிரெட்டிப்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். நல்ல மனிதர். காலைத் தொட்டே பார்க்காமல், மூங்கில் பத்தை வைத்து முட்டை வெள்ளைக் கருவில் பத்துப் போட்டு நாற்பத்தைந்து நாள் அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்றார். அசையாமல் வைத்திருப்பது என்றதும் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. சரி என்று சொல்லவிருந்தேன். மகள் அப்போதுதான் முதன்முறையாகப் பேசினாள்.

"அம்மா, இன்னும் நாப்பத்தஞ்சு நாள் நான் படுத்திருக்க மாட்டேன்."

அழவில்லை, கோபப்படவில்லை. வேனின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆசிரியர் பயிற்சிக்கு வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தை அந்த வருடம் அனுப்பவில்லை. அடுத்த வருடமும் அனுப்ப முடியாமல் போகுமோ என்று அவள் நினைப்பது எனக்குத் தெரியும். எனக்கு அதற்கும் மேலே பயம். நானும் அவள் அப்பாவும் கிழமாகிப் போன பிறகு இவளை யார் தூக்குவார்கள்? எட்டு மாதமாக நான் தூங்காததற்கு அந்த ஒரு கேள்விதான் காரணம்.

பாப்பிரெட்டிப்பட்டி டீக்கடையில் கண்ணாடி டம்ளரில் டீயை ஆற்றிக்கொண்டே தம்பி சொன்னான்: "சித்தேரி மலையில ஒரு பொம்பள இருக்குதுக்கா. புளி ஏத்தப் போனப்ப என் கிளீனருக்குத் தோள்பட்டை எறங்கிப் போச்சு. ரெண்டு நிமிசத்துல ஏத்தி வுட்டுச்சு. ஆனா ஒண்ணு, வாய் கொஞ்சம் நீளம்."

"உன்னைவிடவா?"

"நான்லாம் அதுக்கு முன்னாடி ஊமை."

மலைச் சாலை அந்தக் காலத்தில் பாதி தார், பாதி கல். ஒவ்வொரு வளைவிலும் நான் "மெதுவா" என்றேன். ஒவ்வொரு மெதுவாவுக்கும் பின்னாலிருந்து மகள் கைமணியை ஒரு அடி அடித்தாள். பத்துப் பன்னிரண்டு வளைவுக்குப் பிறகு நான் சொல்வதை நிறுத்திவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். பள்ளத்தாக்கை நான் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். தலையணைகளை நகர்த்திவிட்டு, கையூன்றி எழுந்து உட்கார்ந்து, பின்பக்கத் திறப்பு வழியாகக் கீழே சின்னதாகிக்கொண்டே போகும் ஊர்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போதுதான் அதைக் கவனித்தேன். குடமும் உருண்டு போயிருந்தது.

ஒரு ஓடையோடு பாதை முடிந்தது. தம்பி அவளை முதுகில் சுமந்துகொண்டான். "மூட்டை கனமாயிடுச்சு. படுக்க வச்சே சோறு போட்டிருக்கீங்க" என்றான். பின்னால் நான் அவள் இடது காலைக் கையில் ஏந்தியபடி நடந்தேன். மூன்று பேரும் ஒரே பிராணி மாதிரி ஒரு மேட்டில் ஏறினோம்.

மேட்டுக்கு மேலே ஒரு களம். சாணம் மெழுகிய வட்டக் களம் நிறையக் கதிரோடு அறுத்த சாமைத் தாளைப் பரப்பி, நடுவில் நட்ட கம்பத்தைச் சுற்றி மூன்று மாடுகளைப் பிணைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாடு மிதிக்க மிதிக்கக் கதிரிலிருந்து மணி உதிரும். களத்துக்கு அந்தப் பக்கம்தான் வைத்தியக்காரியின் வீடு. இந்தப் பக்கம் முள்வேலி. நாங்கள் களத்தில் கால் வைக்கப் போனபோது மாட்டை ஓட்டிக்கொண்டிருந்த பெண் கையை நீட்டி நிறுத்தினாள். என் வயதுதான் இருக்கும். புடவையை முழங்காலுக்கு மேலே வரிந்து கட்டியிருந்தாள். அவள்தான் வைத்தியக்காரி.

"செருப்ப வுடு. அந்தப் புள்ளைய எறக்கு."

செருப்பைக் கழற்றினோம். தம்பி, "இதுக்கு நடக்க முடியாதுங்க. அதுக்குத்தான் உங்ககிட்ட தூக்கியாந்தோம்" என்றான்.

"தெரியுது. ஆனா களத்துல தானியம் கெடக்கறப்ப யாரையும் தூக்கிட்டு மேல வரக் கூடாது. கைக்கொழந்தைய கூட அந்தப் பக்கம் வுட்டுட்டுத்தான் நாங்க வருவோம். தூக்கிட்டுப் போறது பொணத்தை மட்டுந்தான்."

"வேற வழி இல்லீங்களா?" என்றேன்.

"இருக்குது. ஓடைக்கு எறங்கி அந்தச் சரிவுல ஏறணும். சும்மா போறவனே உருளுவான். அதை எறக்கி வுடு, பாப்பம்."

அவள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்தாள். தம்பி ஒரு பாறைமேல் மகளை உட்கார வைத்தான். வைத்தியக்காரி முட்டியைச் சுற்றி விரலால் அமுக்கினாள், தொடையைத் தட்டினாள், குதிகாலைப் பிடித்துத் தாங்கிக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக மடக்கினாள். சந்தை வைத்தியர் மாதிரி இல்லை. மகள் பல்லைக் கடித்தாள், கத்தவில்லை.

"எலும்பு இரும்பாட்டம் கூடியிருக்குது. யாரு கட்டுப் போட்டது?"

"ஆஸ்பத்திரியில."

"நல்லாப் போட்டிருக்கான். நடக்கச் சொல்லலியா?"

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு நேர்ச்சையைப் பற்றி அவனே சொல்லிவிட்டான். வைத்தியக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏம்மா, நீ என்ன வேலை பாக்கற?"

"டீச்சர்."

"புள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லித்தர? உக்காரவா?"

எங்கள் பக்கத்தில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் அதற்குள் மகளின் இரண்டு கையையும் பிடித்து எழுப்பிவிட்டாள். பாறையில் ஒரு கை, அவள் தோளில் ஒரு கை. "தாளு மெத்தையாட்டம் கெடக்குது. வுழுந்தாலும் வலிக்காது. அந்தக் கோடி வரைக்கும் வா, அங்கதான் எம் வூடு" என்று சொல்லிவிட்டுத் தோளை எடுத்துக்கொண்டு களத்துக்குள் பின்பக்கமாக நடந்தாள். மாடுகளை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.

என் மகள் களத்தில் வலது காலை வைத்தாள். இடது காலை இழுத்து வைத்தாள். கைகள் இரண்டும் காற்றில் துழாவின. மறுபடி வலது. மறுபடி இடது. தாள் கணுக்கால் வரை அமிழ்ந்தது. நான்காவது அடியிலா ஐந்தாவது அடியிலா தெரியவில்லை, நடுக் கம்பத்தின் அடியில் மஞ்சள் பூசி வைத்திருந்த ஒரு கல் என் கண்ணில் பட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் அடி! மாதாவுக்கு என்று எட்டு மாதம் காத்து வைத்திருந்த அடி, யாரோ ஒரு சாமியின் களத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

"நில்லுடி!" என்று கத்தினேன்.

அவள் நின்றாள்.

களத்துக்கு நடுவில், எதையும் பிடிக்காமல், நின்றாள். மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். என்ன சொல்லக் கூப்பிட்டேன் என்பது எனக்கே தெரியவில்லை. திரும்பி வா என்பதா? திரும்பி வந்தால் அதுவும் அடிதானே? அவள் தலையை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, நின்னுட்டேன். பாத்தியா? வுழலை."

"அந்த நேர்ச்சை..." என்றேன்.

"அது எப்பவோ முடிஞ்சு போச்சும்மா. மழையில ஓடு ஒழுகுச்சே, அன்னைக்கு. மணி அடிச்சு அடிச்சுப் பாத்தேன், அப்பாவுக்குக் கேக்கல. புத்தகம் நனையுதேன்னு குண்டான எடுத்து வச்சேன். கட்டில்ல இருந்து அலமாரிக்கு அஞ்சு அடி. திரும்பறப்ப தவழ்ந்து வந்தேன். உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. அதுக்கப்பறம் வைக்கவே இல்ல."

முக்கால்வாசி நிறைந்திருந்த அந்தக் குண்டான். அதை என் கையாலேயே கொட்டினேன். அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். கேட்டிருந்தால் அவளைத் திட்டியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருந்தது.

"தாயும் மவளும் வூட்டுல போயிப் பேசிக்கலாம்" என்றாள் வைத்தியக்காரி. "தானியத்து மேல ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. ஒண்ணு நட, இல்ல மாடு ஓட்டு."

அவள் நடந்தாள். அந்தக் கோடிக்குப் போக எவ்வளவு நேரம் ஆனதோ. கடைசியில் வீட்டுச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் அறைந்து பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நான் களத்து ஓரத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டேன். "யக்கா, எழுந்திரு, உன்னைத் தூக்கிட்டும் போவ முடியாது" என்றான் தம்பி. அவன் கண்ணும் நனைந்திருந்தது.

அங்கே நான்கு நாள் இருந்தோம். காலையில் நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து முட்டிக்கு ஒத்தடம், பிறகு வேப்பெண்ணெய் தேய்த்து மடக்குவது. மடக்கும் நேரத்தில் என்னை உள்ளே விடமாட்டாள். "நீ போயி ஓடையில தண்ணி மொண்டுட்டு வா" என்று குடத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவாள். தண்ணீர் கொண்டுவந்தால் அதை மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு மறுபடி அனுப்புவாள். இரண்டாம் நாள்தான் அது எனக்குப் புரிந்தது. வைத்தியம் இரண்டு பேருக்கு நடந்துகொண்டிருந்தது.

ஒத்தடம் முடிந்ததும் களம். பிணையலில் கம்பத்தை ஒட்டிச் சுற்றும் உள்மாடு மெதுவாகப் போகும். வெளிமாடுதான் அகலமாகச் சுற்றி வேகமாக நடக்க வேண்டும். மகளின் கையில் உள்மாட்டுக் கயிற்றைக் கொடுத்து, அதன் பின்னால் நடக்கச் சொன்னாள். "உள்மாடு கிழடு. உன்னாட்டமே அதுக்கும் ஒரு கால் சரியில்ல. அது நின்னா நீ நில்லு." முதல் நாள் மாடு ஒரு சுற்று வருவதற்குள் அவள் இரண்டு முறை தாளில் உட்கார்ந்துவிட்டாள். தானாகவே எழுந்தாள். நான் களத்தை நோக்கி ஓடினேன். "களத்து ஓரத்தைத் தாண்டாத" என்று வைத்தியக்காரி முறத்தை நீட்டினாள். நானும் என் தம்பியும் களத்துக்கு வெளியே உட்கார்ந்து அந்த முறத்தில் சாமை புடைத்தோம். தம்பி புடைத்ததில் பாதி காற்றோடு போயிற்று.

"மாமா, கோழிக்குத் தீனி போடறீங்களா?" என்று மாட்டின் பின்னாலிருந்து கேட்டாள் மகள்.

"நீ மாட்டுக்கு வழிய வுட்டு நட. அது உனக்காக நின்னு நின்னு போவுது, பாவம்."

மூன்றாம் நாள் மாலை அவளை நடு மாட்டுக்கு மாற்றினாள் வைத்தியக்காரி. நான்காம் நாள் காலையில் வெளிமாட்டுக்கு. வெளிமாட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்க அவள் முட்டியை மடக்கித்தான் ஆக வேண்டும். மடக்கினாள். நொண்டினாள், ஆனால் மடக்கினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஹை, ஹை" என்று மாட்டை அதட்டிக்கொண்டு, தூசியும் வியர்வையுமாக அவள் சுற்றி வந்ததை நான் பார்த்தேன். பாண்டு வாத்தியம் இல்லை, கூட்டம் இல்லை. சாமைத் தாள் அவள் காலடியில் நொறுங்குகிற சத்தம் மட்டும்தான். அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கிளம்பும்போது என்ன கொடுப்பது என்று கேட்டேன். "நாலு நாள் மூணு பேரு வேலை செஞ்சிருக்கீங்க. ரெண்டு பேரு ஒழுங்கா செஞ்சீங்க" என்று தம்பியைப் பார்த்தாள். பிறகு அவளே ஒரு பை நிறையச் சாமையை என் மடியில் வைத்தாள். மகளிடம் மட்டும் ஒன்று சொன்னாள்: "மேடு ஏறறது பெருசில்ல, கண்ணு. எறங்கறப்பதான் முட்டி உன்னை ஏமாத்தப் பாக்கும். எறங்கிப் பழகு. தெனம்."

ஓடை வரைக்கும் அவள் இறங்கித்தான் வந்தாள். ஒரு குச்சி ஊன்றி, தம்பி முன்னால், நான் பின்னால். அவளைப் பிடிக்கக் கூடாது என்று என் இரண்டு கையாலும் சாமைப் பையை இறுகக் கட்டிக்கொண்டு இறங்கினேன். வேனில் மெத்தைமேல் நான் படுத்துக்கொண்டு வந்தேன். அவள் மாமனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தாள். எட்டு மாதத் தூக்கத்தை அந்த வளைவுகளில்தான் தூங்கினேன்.

மறுநாள் சனிக்கிழமை. பங்குச் சாமியாரிடம் போய் நேர்ச்சை உடைந்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் குண்டானைப் பற்றி இரண்டு முறை கேட்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "டீச்சர், முதல் அடியைப் புத்தகத்துக்காக வச்சிருக்கு. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. நாளைக்குப் பூசைக்கு வரச் சொல்லுங்க. தூக்கிக்கிட்டு வராதீங்க" என்றார்.

ஞாயிறு காலை அவள் எங்கள் வீட்டிலிருந்து கோவில் வரைக்கும் நடந்தாள். குச்சியை வீட்டிலேயே வைத்துவிட்டாள். தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. யாரோ ஒரு அம்மாள், "டீச்சர் புள்ளயா அது? நடக்குதே!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். கோவிலுக்கு ஏழு படி. செப்டம்பரில் பார்த்த அதே முகங்கள் இரு பக்கமும். பூக்கூடைப் பெண்கூட நின்றிருந்தாள். மறுபடி தன்மேல் விழுந்துவிடுவாளோ என்று ஒரு அடி தள்ளிக்கொண்டாள். அவள் அப்பா கையை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அவள் ஏறினாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பிறகு அடுத்த படி. ஏழாவது படியில் திரும்பி நின்றாள்.

"அம்மா, வா."

என்னால் போக முடியவில்லை. எட்டு மாதம் அவளைச் சுமந்த கால்கள் முதல் படியிலேயே நின்றுவிட்டன. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். பின்னால் இருந்தவர்கள், "டீச்சருக்கு என்னாச்சு? தண்ணி கொண்டாங்க" என்றார்கள். தம்பி என் பக்கம் குனிந்தான்.

நிமிர்ந்து பார்த்தபோது அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. இடது காலை முதலில் கீழ்ப்படியில் வைத்து, முட்டி நடுங்கினால் ஒரு கணம் நின்று, அது அடங்கியதும் வலது காலைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக ஏழு படியும் இறங்கினாள். கடைசிப் படிக்கு வந்து என் முன்னால் நின்று கையை நீட்டினாள். உள்ளங்கையில் மாட்டுக் கயிறு உரசிய காய்ப்பு இருந்தது. நான் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்தாள், நான் எழுந்தேன்.

"மாமா," என்றாள் தம்பியைப் பார்த்து, "வண்டிய எடுங்க. எங்கம்மாவை நாலு நாள் மாட்டுக்குப் பின்னாடி வுடணும்."

கோவில் வாசலில் அவ்வளவு பேரும் சிரித்தார்கள். பூசைக்கு இரண்டாம் மணி அடித்தது. நாங்கள் படியேறினோம்.